கோதுமைக்கு ஏன் மனிதனைவிட ஐந்து மடங்கு டிஎன்ஏ?

கேள்வி: மகள் தொடக்கக் கல்லூரி (ஜேசி) இரண்டாம் ஆண்டில் எச்2 நிலை உயிரியல் படிக்கிறாள். கோதுமையின் டிஎன்ஏ மனிதனுடையதைவிட ஐந்து மடங்கு பெரியது, அதில் 85 விழுக்காடு "தாவும் மரபணுக்கள்" என்று எங்கோ படித்துவிட்டு வந்து கேட்கிறாள். அரிசிக்கு மட்டும் ஏன் அவ்வளவு சிறியது? அந்த 85 விழுக்காடும் குப்பைதானா? எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. மரபணு தாவிக்கொண்டிருக்கும் அரிசியைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா? இதுவும் மரபணு மாற்றப் பயிரும் ஒன்றா?

பதில்:

மகள் படித்த எண்கள் சரி. மனித மரபணுத் தொகுதியில், அதாவது முழு டிஎன்ஏ தொகுப்பில், சுமார் 310 கோடி எழுத்துகள், அதாவது டிஎன்ஏ இணைகள், இருக்கின்றன. கோதுமையில் ஏறத்தாழ 1,600 கோடி. அரிசியில் 39 கோடிதான். இரண்டுக்கும் நடுவில் சோளம் 230 கோடி, பார்லி 500 கோடி. ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சிங்கப்பூரில் நாம் சோளம் என்று வாங்குவது மக்காச்சோளம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் சோளம் என்றால் அது வேறு தானியம், அதன் அளவு 73 கோடி. இந்தப் பதிலில் இரண்டும் வருவதால் முதலாவதை மக்காச்சோளம் என்றே எழுதுகிறேன்.

அரிசி, கோதுமை, மக்காச்சோளம், தினை, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம். உங்கள் புளோக்கின் கீழே முளைத்துக்கிடக்கும் புல்லும் காலி நிலத்தில் ஆளுயரம் வளரும் லாலாங்கும் அதே குடும்பம்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து பிரிந்து வந்தவை. மரபணு எண்ணிக்கையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. அரிசியின் டிஎன்ஏ வரிசை 2005இல் முழுமையாக வெளியானபோது கணித்த மரபணுக்கள் 37,544. 2009இல் மக்காச்சோளத்துக்குச் சொன்னது சுமார் 32,000. கோதுமைக்கு 2018இல் 1,07,891 என்று வந்தது. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் கோதுமை மூன்று புற்கள் கலந்து உருவான பயிர். ஏ, பி, டி என்று மூன்று முழுத் தொகுதிகளைச் சுமக்கிறது. மூன்றால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 36,000 வரும், அரிசியின் கணக்குக்குப் பக்கத்திலேயே.

மூன்று தொகுதி இருப்பதால்தான் கோதுமை இவ்வளவு பெரியது என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். அது பாதி பதில்கூட இல்லை. ஒரு தொகுதியை மட்டும் எடுத்தாலும் 500 கோடிக்கு மேல் வரும். அது அரிசியைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். மரபணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் எங்கே இருக்கிறது? மரபணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில். அந்த இடைவெளியை நிரப்பியிருப்பவைதான் தாவும் மரபணுக்கள். துறையில் டிரான்ஸ்போசான் என்பார்கள்.

இவற்றில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒரு வகை இருந்த இடத்திலிருந்து தன்னை வெட்டிக்கொண்டு போய் இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றது இருந்த இடத்தை விடுவதில்லை. தன்னை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அதை மறுபடி டிஎன்ஏவாக மாற்றி, அந்தப் புதுப் பிரதியை வேறோர் இடத்தில் செருகும். இதை ரெட்ரோடிரான்ஸ்போசான் என்கிறோம். எச்ஐவி போன்ற ரெட்ரோவைரஸ்களுக்கு இது உறவு. வேலை செய்யும் முறையும் கிட்டத்தட்ட அதேதான், செல்லை விட்டு வெளியே போகத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. முதல் வகையில் ஓர் இடத்தில் கூடுவது இன்னோர் இடத்தில் குறைந்துவிடுவதால் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு தாவலும் ஒரு கூடுதல் பிரதி. தானியங்களின் தொகுதியை ஊதிப் பெருக்கியது பெரும்பாலும் இதுதான்.

முதல் வகை கண்டுபிடிக்கப்பட்ட கதையை மகள் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நுண்ணோக்கி கூட இல்லாமல் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய சில மரபியல் நிகழ்வுகளில் இது ஒன்று. ஃபேர்பிரைஸ் கடையில் கிடைக்கும் மஞ்சள் கதிரில் அல்ல. அலங்காரத்துக்கு விற்கும் பல நிற மக்காச்சோளக் கதிரில். ஒரு மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய தோலுக்கு அடியில் ஊதா நிறத் தெறிப்புகள் தெரியும், சில பெரிய திட்டாக, சில ஊசிமுனை அளவில். அந்த மணியின் நிற மரபணுவுக்குள் டிஎஸ் என்ற துண்டு போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மரபணு வேலை செய்யவில்லை, மணி வெளிறிவிட்டது. மணி வளர்கையில் ஏதோ ஒரு செல்லில் டிஎஸ் வெளியே தாவிவிடுகிறது. அந்த மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தச் செல்லும் அதிலிருந்து பிரியும் செல்களும் ஊதாவாகின்றன. தாவல் சீக்கிரம் நடந்தால் வாரிசு செல்கள் நிறைய, எனவே பெரிய திட்டு. கடைசி நேரத்தில் நடந்தால் சின்னப் புள்ளி. ஆக, எந்தச் செல் எப்போது மாறியது என்பதை மணியின் மேலிருந்தே படித்துவிடலாம்.

மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் அதைத்தான் செய்தார். அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 1940களில் கதிர் கதிராக மணிகளை ஆராய்ந்தார். டிஎஸ் தானாகத் தாவுவதில்லை என்பதையும் அவரே கண்டார். ஏசி என்ற இன்னொரு துண்டு அதே செல்லில் இருந்தால்தான் அது தாவும். இன்று நமக்குக் காரணம் தெரியும். வெட்டி ஒட்டும் நொதியைத் தயாரிக்கும் மரபணு ஏசியிடம் இருக்கிறது. டிஎஸ் என்பது அந்த மரபணுவை இழந்த ஊனமான ஏசி. அடுத்தவர் கத்தரிக்கோலை நம்பி வாழ்கிறது. இன்னொரு விநோதமும் அவர் கண்ணில் பட்டது. ஏசியின் எண்ணிக்கை கூடக் கூடப் புள்ளிகள் சிறுத்துப்போயின. ஏசி அதிகமானால் தாவல் தள்ளிப்போகிறது.

1951இல் ஒரு கருத்தரங்கில் இதை விரிவாகச் சொன்னார். 1983இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு 81 வயது. "அவரை யாருமே நம்பவில்லை" என்று கதையைச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் உண்டு. மக்காச்சோளத்தில் அவர் பார்த்ததைப் பலர் ஏற்றுக்கொண்டார்கள். அது மக்காச்சோளத்தின் தனி விசித்திரம் என்றுதான் நினைத்தார்கள். பாக்டீரியாவிலும் இப்படித் தாவும் துண்டுகள் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லா உயிர்களுக்கும் பொருந்தும் விஷயம் இது என்று புரிந்தது.

இனி அளவு விஷயம். 1996இல் ஜெஃப் பென்னட்சனின் குழு மக்காச்சோளத்தின் ஒரே ஒரு மரபணுவைச் சுற்றியிருந்த 2,80,000 எழுத்து நீளமுள்ள பகுதியை ஆராய்ந்தது. மரபணுக்களுக்கு நடுவே ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றின் வயிற்றில் இன்னொன்று, அதன் வயிற்றில் வேறொன்று. பழையது ஒன்று செருகப்பட்டு, அதை நடுவில் பிளந்து அடுத்தது வந்து, அதையும் பிளந்து இன்னொன்று. அந்த அடுக்கை வெளியிலிருந்து உரித்துக்கொண்டே போனால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்ற வரிசை கிடைத்துவிடும்.

வரிசை மட்டுமல்ல, வயதும் கிடைக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான், மகளே தாளில் போட்டுப் பார்க்கலாம். இந்த ரெட்ரோடிரான்ஸ்போசானின் இரு முனைகளிலும் ஒரே வரிசை திரும்ப வரும். அதை எல்டிஆர் என்பார்கள். செருகப்படும் நேரத்தில் இரு முனைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்படுகின்றன. அதன்பின் ஒவ்வொன்றும் தன்பாட்டில் பிழைகளைச் சேர்த்துக்கொள்கிறது. புற்களில் ஒரு எழுத்து மாறும் வேகமாக ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஆண்டுக்கு 10 கோடியில் 1.3. ஒரு எல்டிஆரின் நீளம் 1,000 எழுத்து என்றும் இரு முனைகளுக்கும் இடையே 26 எழுத்து வித்தியாசம் என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.026. இரு முனைகளும் தனித்தனியே மாறுவதால் வேகத்தை இரண்டால் பெருக்கி வகுக்க வேண்டும். வரும் விடை 10 லட்சம் ஆண்டு. அந்தத் துண்டு அங்கே வந்து சேர்ந்தது அப்போதுதான். வேகம் தோராயமானது என்பதால் ஆண்டுக்கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். எது முன், எது பின் என்பதற்கு நம்பலாம்.

இப்படிக் கணக்குப் போட்டபோது மக்காச்சோளத்தின் செருகல்களில் பெரும்பாலானவை கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்தவை என்று தெரிந்தது. ஒரு செடியினத்தின் வரலாற்றில் அது நேற்று. இன்னும் திகைப்பூட்டுவது ஆஸ்திரேலியாவின் காட்டு நெல், ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ். நாம் சோறாக்கும் நெல்லுக்கு நெருங்கிய சொந்தம். 2006இல் வந்த ஆய்வின்படி, மூன்றே மூன்று ரெட்ரோடிரான்ஸ்போசான் குடும்பங்கள் 30 லட்சம் ஆண்டுகளுக்குள் பெருகி அதன் மரபணுத் தொகுதியை இரட்டிப்பாக்கிவிட்டன. மூன்றில் இரண்டின் பெயர் கங்காரு, வாலபி. ஆய்வாளர்களுக்கும் வேடிக்கை வேண்டும்தானே.

இப்போது உங்கள் மகளின் கேள்வியின் மையம்: இவை இப்படிப் பெருகுகின்றன என்றால் அரிசி ஏன் சிறியதாகவே இருக்கிறது? அரிசியிலும் இவை பெருகத்தான் செய்தன. ஆனால் அரிசி வேகமாகத் தூக்கியும் எறிந்தது. ஒரே துண்டின் இரு எல்டிஆர்களும் ஒரே வரிசை என்பதால் அவை ஒன்றோடொன்று தவறாகச் சேர்ந்துகொண்டுவிடும். அப்போது நடுவில் உள்ளது முழுக்கக் கழன்றுபோய் ஒற்றை எல்டிஆர் மட்டும் மிஞ்சும். அரிசியில் இப்படி அநாதையாக நிற்கும் ஒற்றை எல்டிஆர்கள் ஏராளம். இவை போக, சின்னச் சின்ன நீக்கங்களாலும் துண்டுகள் அரிந்துபோகின்றன. கடந்த 80 லட்சம் ஆண்டுகளில் அரிசி இப்படி இழந்தது குறைந்தது 19 கோடி எழுத்துகள் என்று 2004இல் ஒரு மதிப்பீடு வந்தது. இன்றைய அரிசித் தொகுதியில் கிட்டத்தட்ட பாதி அளவு.

ஒரு புல்லின் மரபணுத் தொகுதி எவ்வளவு பெரியது என்பது அந்தப் புல் எவ்வளவு "முன்னேறியது" என்பதைச் சொல்வதில்லை. பெருகும் வேகத்துக்கும் நீக்கும் வேகத்துக்கும் இடையே எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த பிராக்கிபோடியம் என்ற சின்னப் புல்லில் 27 கோடி எழுத்துதான், அதில் தாவும் பகுதி 28 விழுக்காடு. அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாட்டுச் சோளத்தில் சுமார் 62. மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் 85. வரிசையாகப் பார்த்தால் அளவு ஏற ஏறப் பங்கும் ஏறுவது தெரியும்.

கோதுமையில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நான் முதலில் படித்தபோது நம்பவில்லை. ஏ, பி, டி மூன்றும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உறவுகள். ஆனால் ஒன்றில் ஓர் இடத்தில் இருக்கும் ரெட்ரோடிரான்ஸ்போசான் மற்ற இரண்டிலும் அதே இடத்தில் இருப்பது அரிது. பிரிந்த பிறகு பழையவை கிட்டத்தட்ட முழுக்கப் போய்ப் புதியவை வந்துவிட்டன. அப்படியிருந்தும் எந்தக் குடும்பம் எவ்வளவு பங்கு என்ற விகிதம் மூன்றிலும் ஒத்துப்போகிறது. பக்கத்து மரபணுக்களுக்கு இடையே உள்ள தூரம்கூட ஓரளவு ஒத்திருக்கிறது. உள்ளே இருப்பவை மாறின, கட்டமைப்பு மாறவில்லை. இதற்குக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. மரபணுக்களுக்கு இடையே இருக்கும் தூரத்துக்கே ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்பவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

அடுத்து, குப்பையா என்ற கேள்வி. சில ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் "குப்பை என்று ஒதுக்கியது பொக்கிஷமாகிவிட்டது" என்று தலைப்புப் போடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துண்டுகள் செடியின் நலனுக்காகப் பெருகவில்லை. தங்களைப் பிரதியெடுக்கத் தெரிந்ததால் பெருகின. கோதுமையின் 85 விழுக்காட்டில் மிகப் பெரும்பகுதி செத்த பிரதி, துண்டுபட்ட பிரதி, எதையும் செய்யாத பிரதி. இருந்தாலும், லட்சக்கணக்கான செருகல்களில் ஏதோ ஒன்று ஒரு மரபணுவின் பக்கத்தில் விழுந்து அதன் போக்கை மாற்றிவிடுகிறது. அப்படி விழுந்தவற்றில் சில நம் தட்டுக்கே வந்திருக்கின்றன.

மிகத் தெளிவான சான்று மக்காச்சோளத்தின் மூதாதையான டியோசின்டே. மெக்சிகோவில் இன்றும் வளர்கிறது. பார்ப்பதற்குப் புதர் மாதிரி, பக்கக் கிளைகள் நிறைய, சின்னச் சின்னக் கதிர்கள். மக்காச்சோளம் ஒரே தண்டாக நிமிர்ந்து நிற்கும். இந்த மாற்றத்தில் பெரும் பங்கு டிபி1 என்ற ஒரு மரபணுவுக்கு உண்டு. பக்கக் கிளை வளராமல் அமுக்கிவைப்பது அதன் வேலை. மக்காச்சோளத்தில் இந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது. ஜான் டோப்லியின் குழு 2011இல் காரணத்தைக் கண்டது. மரபணுவிலிருந்து சுமார் 60,000 எழுத்து தள்ளி ஹாப்ஸ்காட்ச் என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் விழுந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அது டிபி1இன் ஒலியைக் கூட்டுகிறது. விவசாயிகள் அதை உண்டாக்கவில்லை. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிரிடத் தொடங்கியவர்களுக்கு அது டியோசின்டே கூட்டத்தில் எங்கோ ஏற்கெனவே கிடந்தது. கிளை குறைவான செடிகளை அவர்கள் திரும்பத் திரும்பப் பொறுக்கியபோது அந்தச் செருகலும் கூடவே வந்துவிட்டது.

மக்காச்சோளம் வெப்பமண்டலத்தைத் தாண்டி வடக்கே போனதிலும் இப்படி ஒரு கை இருக்கிறது. நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். வடக்கில் கோடைப் பகல் நீளும். வெப்பமண்டல மக்காச்சோளம் நீண்ட பகலில் பூக்கத் தாமதிக்கும். சிசிடி என்ற மரபணுவின் முன்பகுதியில் ஒரு துண்டு விழுந்து அந்தத் தயக்கத்தைக் குறைத்தது. 2013இல் இதைக் காட்டினார்கள்.

தினை நமக்கு இன்னும் நெருக்கம். தேனும் தினைமாவும் என்று நாம் கொண்டாடும் தினை வேகவைத்தால் உதிரியாக இருக்கும். கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதே தினையில் பிசுபிசுவென்று ஒட்டும் வகைகள் உண்டு. காரணம் வேக்ஸி என்ற மரபணு. அமைலோஸ் என்ற மாவுச்சத்தைத் தயாரிக்கும் நொதி அதிலிருந்துதான் வருகிறது. மரபணு உடைந்தால் அமைலோஸ் இல்லாமல் போய் மாவு ஒட்டத் தொடங்கிவிடும். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல வட்டாரங்களின் தினையைச் சேர்த்து ஆராய்ந்தபோது, தாவும் துண்டுகள் அந்த மரபணுவுக்குள் ஒரு முறையல்ல, தனித்தனியாகப் பல முறை போய் விழுந்திருப்பது தெரிந்தது. ஒட்டும் மாவை விரும்பிய மக்கள் ஒவ்வோர் ஊரிலும் தங்கள் கண்ணில் பட்ட விபத்தைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். சொல்லப்போனால் புலுட் அரிசி ஒட்டுவதும் இதே மரபணு உடைந்ததால்தான். ஆனால் அதை உடைத்தது தாவும் துண்டு அல்ல. 23 எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டுவிட்ட ஒரு பிழை. ஆகவே தானியத்தில் எதைப் பார்த்தாலும் டிரான்ஸ்போசான் என்று பரீட்சையில் எழுதிவிட வேண்டாம்.

இதெல்லாம் பழைய கதை. இப்போதும் நடக்கிறதா? நடக்கிறது, ஆனால் அரிது. செடி சும்மா இருப்பதில்லை. தாவும் துண்டுகளின் மேல் மெத்தில் என்ற வேதிக் குறிகளை ஒட்டி அவற்றை வாயடைத்துவிடுகிறது. 24 எழுத்து நீளமுள்ள சிறிய ஆர்என்ஏ துணுக்குகள் எந்தத் துண்டை அடைக்க வேண்டும் என்று வழிகாட்டுகின்றன. பெரும்பாலான துண்டுகள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகத் தூங்குகின்றன.

சில நேரம் விழித்துக்கொள்ளும். அரிசியில் எம்பிங் என்ற துண்டு வெறும் 430 எழுத்துகள் கொண்டது. தானாகத் தாவாது, வேறொன்றின் நொதியை நம்பியிருக்கிறது. 2003இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. நிப்பன்பாரே என்ற ஜப்பானிய ரகத்தில் சுமார் 50 பிரதிகள்தான் உண்டு. ஆனால் கிம்போசு என்ற பழைய ஜப்பானிய ரகத்தைச் சேர்ந்த சில கால்வழிகளில் 1,000க்கும் மேல். அதிலும் ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் சுமார் 40 புதுச் செருகல்கள் சேர்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு தாவியும் செடி எப்படி உயிரோடிருக்கிறது? இந்தத் துண்டு மரபணுவின் உட்பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அதற்கு முன்னால் உள்ள பகுதியில் இறங்குகிறது. அப்படி இறங்கிய இடங்களில் சில மரபணுக்கள் குளிருக்கும் உப்புக்கும் எதிர்வினை காட்டத் தொடங்கியதை சூசன் வெஸ்லரும் ஜப்பானியக் கூட்டாளிகளும் 2009இல் காட்டினார்கள். உடைக்காமல் திருத்தும் துண்டு என்று சொல்லலாம். ஆனாலும் ஒவ்வொரு திருத்தமும் செடிக்கு நல்லது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானவற்றால் ஒரு மாற்றமும் இல்லை.

ஆய்வகக் குப்பியும் இவற்றை எழுப்பும். அரிசியின் டாஸ்17 என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் நிப்பன்பாரேயில் இரண்டே பிரதிகளாகத் தூங்கிக்கிடந்தது. செல்களைத் திசு வளர்ப்பில் வைத்தபோது விழித்துப் பிரதியெடுக்கத் தொடங்கியது. செடியாக மீட்டபின் மறுபடி தூங்கிவிட்டது. 1996இல் இதைக் கண்ட ஹிரோசிகாவின் குழு இதையே கருவியாக்கிக்கொண்டது. ஒவ்வொரு செடியிலும் வெவ்வேறு இடத்தில் புதிய டாஸ்17 விழுந்திருக்கும். எந்த மரபணு உடைந்தால் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு பெரிய நூலகமே கிடைத்தது.

இங்கிருந்து பாலம் தாண்டினால் ஜொகூரில் தெரியும் செம்பனைத் தோட்டங்களிலும் இதே பிரச்சினை பண இழப்பாக அடித்தது. செம்பனை புல் இல்லை, தூரத்து உறவு. நல்ல மரத்தைத் திசு வளர்ப்பில் பெருக்கியபோது சில கன்றுகள் வளர்ந்து காய்க்கையில் உருக்குலைந்த பழம் தந்தன, எண்ணெய் குறைந்தது. நட்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும் என்பதுதான் கொடுமை. மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2015இல் காரணத்தைச் சொன்னார்கள். பூவின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவுக்குள் கர்மா என்ற தாவும் துண்டு இருக்கிறது. அதன் மேல் இருந்த மெத்தில் குறி திசு வளர்ப்பில் உதிர்ந்துபோன கன்றுகளில்தான் பழம் கெட்டது. துண்டு எங்கும் தாவக்கூட இல்லை. வாயடைப்பு விலகியதே போதுமாக இருந்தது. கர்மா வகைத் துண்டு முதலில் அடையாளம் காணப்பட்டது அரிசியில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் நேரடி இடம் உண்டு. மகள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். 1995இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக (என்யுஎஸ்) வளாகத்தில் மூலக்கூறு வேளாண் உயிரியல் கழகம் தொடங்கியது. 2002இல் அதுவே தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தின் பகுதியானது. வெங்கடேசன் சுந்தரேசன் அங்கே இருந்த காலத்தில் மெக்ளின்டாக்கின் அதே ஏசி, டிஎஸ் இணையை மக்காச்சோளத்திலிருந்து எடுத்து மற்றச் செடிகளில் வைத்து வேலை செய்தார்கள். அரிசியிலும் செய்தார்கள். டிஎஸ் துண்டோடு ஓர் அடையாள மரபணுவையும் கட்டி அனுப்பினால், அது எந்த மரபணுவுக்குள் விழுகிறதோ அந்த மரபணு செடியின் எந்தப் பாகத்தில் வேலை செய்கிறது என்பது நீல நிறமாகத் தெரியும். நிறம் வந்த இடத்திலிருந்து மரபணுவைப் பின்தொடரலாம். 2004இல் வந்த அவர்களின் அரிசி ஆய்வில் டிஎஸ் விழுந்த இடங்களில் 2,000க்கும் மேற்பட்டவற்றை வரிசைப்படுத்தியிருந்தார்கள். வயலே இல்லாத ஊரில் கண்ணாடி வீட்டில் நெல் வளர்த்து மரபணு தேடியதை நான் பெருமையாகவே சொல்லுவேன். நானும் செடி ஆய்வகங்களில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல். கண்ணாடி வீட்டின் புழுக்கத்தில் உறை உறையாக விதைக்கு எண் எழுதி, வெளிறிய நாற்று ஒன்று முளைத்தால் அதைச் சுற்றி நாலு பேர் குனிந்து நிற்கும் வேலை அது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சாப்பிடலாமா? தாவும் துண்டு இல்லாத தானியமே உலகில் கிடையாது. சப்பாத்தி, இட்லி, சோளக்கதிர், ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் கிட்டத்தட்ட பாதி டிஎன்ஏ இதே வகையறாதான். சமைக்கும்போதும் வயிற்றிலும் அவை மற்ற டிஎன்ஏவைப் போலவே உடைந்து செரிக்கின்றன. தாவ வேண்டுமானால் உயிருள்ள செல், அதற்குரிய நொதி, திறந்த டிஎன்ஏ எல்லாம் வேண்டும். உங்கள் தட்டில் அவை இல்லை.

மரபணு மாற்றப் பயிர் வேறு. அங்கே ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த ஒரு வரிசையை வேண்டுமென்றே செருகுகிறார்கள், அரசு ஒழுங்குமுறையின்படி ஒவ்வொன்றையும் தனியே சோதிக்கிறார்கள். மேலே சொன்ன டிஎஸ் அரிசி அந்த வகையைச் சேர்ந்த ஆய்வுச் செடி, அது சந்தைக்கு வந்ததல்ல. டாஸ்17 அரிசி அப்படியல்ல, அரிசியின் சொந்தத் துண்டே இடம் மாறியது. "இயற்கையிலேயே மரபணு தாவுகிறது, ஆகவே எந்த மரபணு மாற்றமும் பாதுகாப்பானது" என்று வாதம் செய்பவர்களை நீங்கள் கேட்டிருக்கலாம். அந்த வாதம் சரியில்லை. தாவுவது இயல்பு என்பதால், எதைச் செருகினாலும் தீங்கில்லை என்று ஆகிவிடாது. செருகப்படுவது என்ன, அது என்ன புரதம் தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல் டிஎன்ஏவில் ஏதோ ஒன்று கூடுதலாகச் செருகப்பட்டிருக்கிறது என்பதற்காகவே பயப்படுவதும் சரியில்லை, ஏனென்றால் கிம்போசு நெல்லின் சில கால்வழிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் செடிக்குச் சுமார் 40 செருகல்களைச் சேர்த்துக்கொண்டே உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தன.